பாட்டுக்கும் பதிப்பறம் வேண்டும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்

பாட்டுக்கு மயங்காதவர் இல்லை. ஆனால் மயங்கிய பிறகு, 'என்னை மயக்கியது எது? குரலா, குழலா, அடியில் மெல்ல நடந்து வந்த தந்தியா?' என்று கேட்பவர் சிலரே. அப்படிக் கேட்பவர்கள் இசைக் கல்லூரிகளில் மட்டுமே இருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சென்னைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலிலும் இருக்கிறார்கள். அவர்கள் நாள்தோறும் நடத்தும் வாதம் ஒன்றை மாணவத் தோழர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன். பழைய திரைப்பாடல்களை 'ரீமாஸ்டர்' என்ற பெயரில் புதுப்பித்து வெளியிடுவது நல்லதா, கெட்டதா என்பதே அந்த வாதம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கிறவருக்கு என்னென்ன அறங்கள் உண்டோ, அவையெல்லாம் பழைய பாட்டைப் புதுப்பிக்கிறவருக்கும் உண்டு. அந்த அறம் இன்று பெரும்பாலும் கைக்கொள்ளப்படவில்லை.

ரயிலில் ஒரு வழக்காடு மன்றம்

திருவொற்றியூரில் ஏறிப் பொன்னேரியில் இறங்கும் எங்களோடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஜெனரல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர் பலர் வருவார்கள். வெல்டர், பிட்டர், ஒப்பந்தத் தொழிலாளர் எனப் பலதரப்பட்டவர்கள். அவர்களுள் நால்வர் இளையராஜா பாடல்களில் ஊறியவர்கள். எண்ணூர் தாண்டுவதற்குள் வழக்கு சூடுபிடித்துவிடும்.

ஒரு நாள் வழக்கு, 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடிய கிதார் பாட்டைப் பற்றியது. அந்தப் படம் இளையராஜாவுக்கு நூறாவது படம். இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் அதன் புதுப்பித்த வடிவத்தை ஒலிக்கவிட்டு, "பாருங்கண்ணே, கிதார் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. பழசுல இது கேட்கவே கேட்காது" என்றார். வெல்டர் அண்ணன் சிரித்தார். "கேட்கும் தம்பி. குரலுக்குப் பின்னால நின்னு கேட்கும். அது அங்கதான் நிக்கணும். நீ இழுத்து முன்னால உட்கார வச்சுட்டே" என்றார்.

இந்த இரண்டு வரி வாதத்தில் ஓர் ஆய்வேட்டுக்குரிய பொருள் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே நிற்க வேண்டும் என்பதும் இசையமைப்பின் ஒரு பகுதியே. அதை மாற்றினால் பாட்டு மாறுகிறது. மாற்றியவர் யார், எதை வைத்து மாற்றினார் என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டாமா?

இப்படி வாதிடுவது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் தோன்றிய பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு 1970இலேயே பிரிந்துவிட்டது. அவர்களுடைய இசைத்தட்டுத் தொகுப்புகள் முழுவதும் புதுப்பிக்கப்பட்டு 2009 செப்டம்பர் 9 அன்று வெளிவந்தபோது, உலகெங்கும் ரசிகர்கள் பழைய தட்டையும் புதிய தட்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு பாட்டாக ஒப்பிட்டு வாதிட்டார்கள். அந்த வாதத்துக்குப் பதிப்பாளரே வழி செய்து கொடுத்திருந்தார்கள். ஒற்றைத்தடமாகிய மோனோ வடிவமும் இருதடமாகிய ஸ்டீரியோ வடிவமும் தனித்தனித் தொகுப்புகளாக ஒரே நாளில் விற்பனைக்கு வந்தன. அந்தக் குழு பாடிய காலத்தில் பெரும்பாலான பாடல்களுக்கு மோனோ வடிவத்தின் மீதுதான் மிகுந்த கவனம் செலுத்தப்பட்டது. ஆகையால் 'இரண்டும் இருக்கட்டும், விரும்பியதைக் கேளுங்கள்' என்று விட்டார்கள். நம் ரயில் வழக்குக்கும் இதுவே நல்ல தீர்ப்பு. ஆனால் நமக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. கைப்பேசியில் தேடினால் ஒரே பாட்டு பத்து வடிவங்களில் வருகிறது. எது மூலத்திலிருந்து எடுத்தது, எது தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்தது, எது ஓர் ஆர்வலர் தம் வீட்டுக் கணினியில் செய்தது என்று சொல்வார் இல்லை.

நால்வர் குழுவும் நாற்பதின்மர் குழுவும்

பீட்டில்ஸ் ரசிகர் எவரைக் கேட்டாலும் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்று நால்வர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார். அடித்தந்தி வாசித்தவர் யார், முரசு தட்டியவர் யார் என்பது குழந்தைக்கும் தெரியும். நம் திரைப்பாட்டில் பல சமயம் நாற்பது பேருக்கு மேல் வாசித்திருக்கிறார்கள். இசைத்தட்டின் உறையில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் அநேகமாக இராது.

வயலின் வி.எஸ். நரசிம்மன், பேஸ் கிதார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், குழல் நெப்போலியன் என்று இன்று நாம் சில பெயர்களைச் சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் ரசிகர்களே. நேர்காணல்களிலிருந்தும் பழைய கலைஞர்களின் பேச்சுகளிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்த பெயர்கள் இவை. திரைப்படத்துக்கு அப்பால் தனி இசைத்தொகுப்பாக 1986இல் 'ஹவ் டு நேம் இட்' வந்தபோதும், 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தபோதும் வாசித்தவரின் பெயர் கேட்பவர் காதுக்கு எட்டியது. திரைப்பாட்டு என்றவுடன் மட்டும் அந்தப் பெயர்கள் மறைந்துவிடுவானேன்?

இளங்கோவடிகள் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. அரங்கேற்று காதையில் மாதவியை மேடையேற்றுவதற்கு முன்னே ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனியே எடுத்துரைக்கிறார். ஆடியவள் ஒருத்தி, ஆடவைத்தவர் பலர் என்பதை அவர் மறக்கவில்லை. அந்தக் காப்பியத்தை வகுப்பில் படித்துவிட்டு, நாம் கேட்கும் பாட்டில் குழலோன் யார் என்று கேளாமல் இருப்பது முறையாகுமா?

இளையராஜாவின் வரலாறே இதற்குச் சான்று. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கட்சி மேடைகளில் வாசித்தவர் அவர். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வரும்வரை அவரும் உறையில் பெயர் அச்சாகாத வாத்தியக்காரர்களுள் ஒருவரே.

ரீமாஸ்டர் என்றால் என்ன?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க வேண்டும். பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பாட்டுப் பதிவில் மூன்று படிகள் உண்டு. முதலாவது ஒலிப்பதிவு. இரண்டாவது கலவை, அதாவது குரல், வயலின், தபலா எல்லாம் எந்த அளவில், எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சேர்ப்பது. மூன்றாவதுதான் மாஸ்டரிங், சேர்த்து முடித்த பாட்டை இசைத்தட்டுக்கோ கேசட்டுக்கோ குறுந்தட்டுக்கோ ஏற்றபடி பக்குவம் செய்வது. இந்த மூன்றாம் படியை மூலநாடாவிலிருந்து மறுபடியும் செய்வதே ரீமாஸ்டர். இரண்டாம் படியைத் திரும்பச் செய்தால் அது மறுகலவை, ரீமாஸ்டர் அன்று. நம் ரயில் இளைஞர் காட்டிய பாட்டில் கிதார் இடம் மாறியிருந்ததென்றால், அங்கே நடந்தது மூன்றாம் படியோடு நின்ற வேலையன்று.

அக்காலத் திரைப்பாடல்களுள் பெரும்பாலானவை பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே நேரத்தில் பாடி வாசித்து, ஒரே தடத்தில் பதிவானவை. கலந்த பாலையும் நீரையும் பிரிப்பது அன்னத்தால் மட்டுமே முடியும் என்பது நம் கவிமரபு. இன்று கணினி அந்த அன்னத்தின் வேலையை ஓரளவு செய்கிறது. ஜான் லெனன் 1970களின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பாடிவைத்த ஒரு பாட்டை, மற்ற மூவரும் 1995இல் முடிக்க முயன்று கைவிட்டார்கள். குரலும் பியானோவும் இரைச்சலும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்தன. கணினிக்குக் குரலை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்த பின், அந்தப் பாட்டு 2023 நவம்பர் 2 அன்று 'நவ் அண்ட் தென்' என்ற பெயரில் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கிக் கிடந்த குரல் எழுந்து வந்தது.

ஆகவே புதுப்பித்தலே கூடாது என்பார் கட்சி எனக்கு உடன்பாடன்று. 1964ஆம் ஆண்டின் 'கர்ணன்' படம் ஒலியும் ஒளியும் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரைக்கு வந்தபோது, அப்படம் வெளியான காலத்தில் பிறந்திராத இளைஞர்களும் அரங்குக்குச் சென்றார்கள். விசுவநாதன்-ராமமூர்த்தி இருவரின் இசையைப் பெரிய அரங்கில் கேட்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்குக் கிடைத்தது. அது நல்ல பணி.

ஏரியைத் தூர்த்த கதை

கெட்ட பணியும் உண்டு. அதற்கு மேலைநாட்டார் 'உரப்புப் போர்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அடுத்தவன் தட்டைவிட என் தட்டு உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டி அது. ஒலியின் உச்சவரம்பை ஓர் அளவுக்கு மேல் உயர்த்த முடியாது. ஆகையால் மெல்லிய ஒலிகளையெல்லாம் தூக்கி உச்சத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மேடு பள்ளம் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் மாவட்டத்தில் ஏரியைத் தூர்த்து மனை போடுகிறார்களே, அதைப் போன்றதே இதுவும். நிலம் சமமாகிவிடும், நீர் நிற்க இடமிராது. குறுந்தட்டு 1982இல் விற்பனைக்கு வந்தபோது அதன் பெருமையே, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும் என்பதுதான். அந்த இடைவெளியைத்தான் தூர்த்தார்கள்.

2008இல் மெட்டாலிகா என்னும் ராக் குழுவின் 'டெத் மேக்னெடிக்' தொகுப்பு வந்தது. அதே பாடல்கள் ஒரு கிதார் விளையாட்டுக் கணினி நிரலிலும் இடம்பெற்றன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட ரசிகர்கள், விளையாட்டில் வந்த வடிவம் தெளிவாகவும் விலைக்கு விற்ற குறுந்தட்டு நசுங்கியும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மறுபதிப்புக் கேட்டார்கள். செவியை நம்பிய சாதாரண ரசிகர்கள், வல்லுநர்களைக் கேள்வி கேட்ட நிகழ்ச்சி அது. இன்று பாட்டுச் செயலிகள் பலவும் எல்லாப் பாட்டையும் ஒரே சராசரி உரப்புக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கின்றன. ஆகவே நசுக்கிப் பதிவு செய்தவருக்குக் கிடைக்கும் உரப்பும் இல்லை. இழந்த நயம் மட்டுமே மிச்சம். இருந்தும் நசுக்கும் பழக்கம் போகவில்லை.

கோயில் திருப்பணி என்று சொல்லிக் கருங்கல் மீது மணலைப் பீய்ச்சியடித்து, கல்வெட்டு எழுத்தையும் சிற்பத்தின் கண்ணையும் மூக்கையும் தேய்த்த கொடுமையை நாம் அறிவோம். கல் பளபளக்கும், எழுத்து போய்விடும். பாட்டுக்கும் அத்தகைய திருப்பணி நடக்கிறது. நாடாவின் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று அழுத்தித் துடைத்தால், பாடகர் மூச்சு வாங்கும் ஒலியும் வயலின் வில் தந்தியில் உரசும் ஒலியும் சேர்ந்தே போய்விடும்.

எல்லாச் செவியும் ஒன்றா?

இவ்வளவு சொன்ன பிறகு, என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒருவரையும் நானே அழைக்க வேண்டியிருக்கிறது. அவர் என் தந்தையார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரோலிங் மில் ஒன்றில் இருபதாண்டுகளுக்கு மேலாக வேலை செய்பவர். பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைகளுக்கிடையே பாய்ந்து வரும் இடத்தில் நின்றவர். முதற் பல ஆண்டுகள் காதுக்கு அவர் வைத்தது வெறும் பஞ்சுதான்.

பேரொலியால் செவி கெடும்போது முதலில் அடிபடுவது விநாடிக்கு 4000 அதிர்வுக்கு அருகிலுள்ள பகுதி என்று பாடநூல் சொல்கிறது. பேச்சு கேட்கும், ஆனால் சொற்களின் விளிம்பு மழுங்கும். சலங்கையின் கலகலப்பும் ஜால்ராவின் ஓசையும் குழலின் மேல்மூச்சும் மறையும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. ஒலியால் நேரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. சட்டத்தில் இடம்பெற்ற நோய்தான். ஆனால் மெல்ல மெல்ல வருவதால், வந்தவருக்கே தெரிவதில்லை.

என் தந்தையாருக்குப் பழைய இசைத்தட்டின் நயமெல்லாம் எட்டுவதில்லை. உயர் ஒலிகளைக் கூட்டிச் செய்த புதிய வடிவத்தைப் போட்டால், "இதுலதாம்ப்பா குழல் கேக்குது" என்கிறார். இருபது வயதில் அவர் கேட்ட குழல், ஐம்பது வயதில் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை? மூலம் ஒன்றே புனிதம், மற்றதெல்லாம் தீட்டு என்று நான் சொல்லாததற்குக் காரணம் அவரே. புதிய வடிவம் இருக்கட்டும். அது எதற்காகச் செய்யப்பட்டது என்ற குறிப்போடு இருக்கட்டும். மூல வடிவமும் அதன் அருகில் இருக்கட்டும்.

இங்கே தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ரயிலின் இரைச்சலை வெல்லக் காதுக்குள் கருவியைச் செருகி ஒலியைக் கூட்டுகிறோம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரமே என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. உருக்காலை செய்த கேட்டை நாமே காசு கொடுத்து வாங்கிச் செவியில் செருகிக்கொள்ள வேண்டுமா? வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அந்தச் செல்வத்தைச் சேர்க்கும் வாசலல்லவா செவி!

பாடபேதமும் இடைச்செருகலும்

இனி என் மையக் கருத்துக்கு வருகிறேன். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளிலிருந்து அவர் நூலை மீட்டதும் ஒருவகை ரீமாஸ்டரே. அவர் என்ன செய்தார்? பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். எந்த ஏடு எங்கிருந்து கிடைத்தது என்று முகவுரையில் எழுதினார். ஏடுகளுக்குள் வேறுபாடு இருந்தால் பாடபேதம் என்று குறித்தார். இடம் சிதைந்திருந்தால் சிதைந்ததென்றே காட்டினார். தாமே ஒரு வரி பாடி அந்த இடத்தை நிரப்பவில்லை. அவர் புலமைக்கு நிரப்ப முடியாதா என்ன? முடிந்தும் செய்யாததே பதிப்பறம்.

பாட்டுலகில் இன்று இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்துள்ளது. 1997இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும், 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மறுபடி உருவாக்கி, 2024இல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர். ரகுமான் ஒரு பாட்டு அமைத்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய தொகையும் கொடுத்துச் செய்ததாக வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரலும் இம்முறையில் ஒலித்தது. இவற்றை ஏற்பதா மறுப்பதா என்பதில் எங்கள் ரயிலில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் ஒன்றில் எல்லாரும் ஒத்துப்போகிறோம்: சொல்லிவிட்டுச் செய்வது வேறு, சொல்லாமல் செய்வது வேறு. சொல்லிச் செய்தால் அது புதிய படைப்பு. சொல்லாமல் பழைய பாட்டுக்குள் நுழைத்தால் அதற்குப் பெயர் இடைச்செருகல். பழைய பாட்டில் தபலா இருந்த இடத்தில் புதிய மின்தாளத்தைச் சேர்த்து, 'ரீமாஸ்டர்' என்று மட்டும் எழுதி வெளியிடுவது இடைச்செருகல் அல்லாமல் வேறென்ன?

நாடா உயிரோடிருக்குமா?

பதிப்பாசிரியர் எவ்வளவு நல்லவராயினும் ஏடு வேண்டும். நம் பாட்டின் ஏடு மூலநாடா. அக்காலக் காந்தச் சுருள்களிற் பல அசிடேட்டால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அவை சிதைந்து அசிடிக் அமிலத்தைக் கக்கும்; பெட்டியைத் திறந்தால் வினிகர் நாற்றம் வரும். சென்னைக் கடற்கரைக் காற்று அவற்றுக்கு எமன். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. செல்வ வளம் மிக்க அமெரிக்காவிலும் 2008 ஜூன் முதல் நாள் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் பிடித்த தீயில் இசை மூலநாடாக்கள் பல கருகின. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்ற விவாதம் 2019இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிற்கும். 1976இல் வெளியான ஒலிப்பதிவு 2036 இறுதியில் பொதுவுடைமையாகும். மெட்டுக்கும் சொல்லுக்கும் உள்ள உரிமை ஆக்கியோர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும் என்பதையும் மறக்கக் கூடாது. யாருக்கு உரிமை என்று நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றன. அவை நடக்கட்டும். ஆனால் தீர்ப்பு வரும் நாளில், உரிமை முடியும் நாளில், நாடா உயிரோடிருக்குமா என்பதே என் கவலை. உரிமை பொதுவாகியும் பாட்டு மண்ணாகியிருந்தால் யாருக்கு என்ன பயன்?

நாம் செய்யக் கூடியது

பாட்டு வெளியிடுவோரிடம் நாம் கேட்பது மூன்று. ஒன்று: எந்த மூலத்திலிருந்து எடுத்தோம், என்ன மாற்றினோம், எவர் மாற்றினார் என்ற குறிப்பு ஒவ்வொரு புதிய வடிவத்தோடும் வர வேண்டும். இரண்டு: மாற்றாத வடிவமும் அதன் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். மூன்று: வாசித்தவர் பெயர் தெரிந்தவரை அச்சிட வேண்டும், அவர்களுள் மூத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

'சினிமாப் பாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்று சிலர் கேட்கலாம். ஆசிரியப் பெருமக்களே, நம் தாய் தந்தையர் திருமணப் பந்தலில் ஒலித்தது அது. ஆடித் திருவிழாவில் மெல்லிசைக் குழு வாசித்தது அது. கம்பெனிப் பேருந்தில் இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளியின் கண்ணயர்வுக்குத் துணை வந்தது அது. ஒரு மக்கள் கூட்டம் ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் கேட்ட ஒலியைக் காலத்தின் ஆவணமாகக் கருதாவிட்டால், வேறு எதைக் கருதுவது? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் சேர்த்துவைத்தபோது அவரையும் சிலர் விந்தையாகப் பார்த்திருப்பார்கள். அந்தச் சேகரமே 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயிற்று.

நம் கல்லூரியில் இதைத் தொடங்கலாம். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என்று நம் மாணவர் வராத ஊர் இல்லை. ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் பெட்டியோ இசைத்தட்டு உறையோ கிடக்கக் கூடும். அவற்றைத் தூக்கி எறியாமல், படத்தின் பெயர், நிறுவனம், தட்டின் எண், ஆண்டு, உறையில் அச்சான பெயர்கள் ஆகியவற்றைக் குறித்து ஒரு பட்டியல் செய்வோம். தமிழ்த்துறை பெயர்களைச் சரிபார்க்கட்டும். இயற்பியல் துறை ஒலியின் தரத்தை அளக்கட்டும். வரலாற்றுத் துறை மில் தொழிலாளரின் இசை நினைவுகளைக் கேட்டு எழுதட்டும். வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒன்று, தன்னிடம் மின்னணு வடிவமல்லாத பிரதி இருந்தால் அதைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமித்துவைக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. நம் பட்டியலோடு மாவட்ட மைய நூலகத்தை அணுகினால், சேர்த்தவை நிலைக்க வழி பிறக்கும்.

மாதம் ஒரு மாலை ஏதேனும் ஒரு வகுப்பறையில் கூடி, ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களைக் கேட்டு வாதிடுவோம். வெல்டர் அண்ணனையும் அவருடைய நண்பர்களையும் அழைப்போம். கரும்பலகையில் நான் முதலில் எழுதவிருக்கும் கேள்வி இது: 'இந்தக் குழலை ஊதியவர் யார்?' விடை தெரிந்தவர்கள் இம்மலர் கையில் கிடைத்ததும் என்னைத் தேடி வரலாம்.